எல்லை மீறிய பதாகை: ஒரு பல்கலைக்கழக விளம்பர இயக்கத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகம் தன் சின்னம், வண்ணம், முழக்கவரி எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றியது. அந்த வேலையின் தமிழ்ப் பகுதியில் நானும் இருந்தேன், சரிபார்ப்பவராக. விளம்பர நிறுவனம் என்னைப் பகுதிநேரமாக அழைத்திருந்தது. பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே தவிர்த்திருக்கிறேன். இனி இப்படி ஒரு வேலையில் இறங்குபவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன், யாரையும் குற்றம் சொல்ல இல்லை. குற்றம் சொல்வதென்றால் என்னையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

மாணவர் சேர்க்கைப் பருவத்துக்கு முன்பே புதிய தோற்றம் வெளியாக வேண்டும் என்பது திட்டம். பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன் எழுதும் ஏ நிலைத் தேர்வின் முடிவுகள் வந்ததும் வீடுகளில் பேச்சு சூடுபிடிக்கும். எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எவ்வளவு செலவு. அந்தப் பேச்சு நடக்கும்போது தங்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று தொடர்புத் துறை நினைத்தது. சமூக மன்றங்களில் பெற்றோர் சந்திப்புகள், அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் சுவரொட்டிகள், நாளிதழ் விளம்பரம், எட்டுப் பக்கக் கையேடு ஆகிய எல்லாம் நான்கு மொழிகளிலும் வரவேண்டும் என்பது மேலிடத்து முடிவு.

தமிழ் தேவையா என்ற கேள்வி முதல் கூட்டத்திலேயே எழுந்தது. அது நியாயமான கேள்விதான். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. 2010 இல் அது 3.3 ஆக இருந்தது. பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் அனைவரும் ஆங்கிலத்தில் படித்தவர்கள். இதற்குத் தொடர்புத் துறை மேலாளர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. அவர் சீனர். “விண்ணப்பத்தை நிரப்புவது பிள்ளை. ஆனால் முடிவு எங்கள் வீட்டில் பாட்டியும் உட்கார்ந்திருக்கும் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது” என்றார். சரி, தமிழ் உண்டு என்று முடிவாயிற்று.

முழக்கவரி

ஆங்கில முழக்கவரி இரண்டே சொல். இருக்கும் வரையறைக்குள் அடங்காமல் அதைத் தாண்டிப் போ என்பது அதன் கருத்து. இந்த மாதிரி வரிகள் ஆங்கிலப் பல்கலைக்கழக விளம்பரங்களில் சகஜம். கேட்கும் ஆளுக்கு நெஞ்சு நிமிரும்.

மொழிபெயர்ப்புக்கு அது போன விதம்தான் கவனிக்கவேண்டியது. ஓர் எக்செல் தாளில் முதல் பத்தியில் ஆங்கிலம், அடுத்து மாண்டரின், மலாய், கடைசியில் தமிழ். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை எழுத்துக்குள் இருக்கவேண்டும் என்ற அளவு. இந்த வரி எங்கே வரும், யார் படிப்பார்கள், எந்தப் படத்தின் மேல் என்ற விவரம் எதுவும் இல்லை. மாண்டரின் வரியைத் துறையில் இருந்தவர்களே உட்கார்ந்து புதிதாக எழுதினார்கள். மலாய் வரியை அங்கே வேலை பார்த்த ஒரு மலாய்க்காரர் பார்த்து, இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள் என்று மாற்றிக் கொடுத்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அந்தத் துறையில் ஒருவர்கூட இல்லை. அதனால் தமிழ்க் கட்டம் மட்டும் வெளியே போனது. விளம்பர நிறுவனம் ஒரு மொழிபெயர்ப்பு முகமையிடம் கொடுக்க, அந்த முகமை யாரோ ஒருவரிடம் கொடுக்க, வந்து சேர்ந்த வரி:

எல்லை மீறுவோம்.

அகராதியைப் புரட்டினால் தவறே இல்லை. எல்லை சரி, மீறுதலும் சரி. ஆனால் தமிழில் எல்லையைக் கடப்பவர் ஒரு ஆள், மீறுபவர் வேறொரு ஆள். ‘எல்லை கடந்த அன்பு’ என்றால் பாராட்டு. ‘எல்லை மீறிப் போறான்’ என்றால் அப்பாவைக் கூப்பிடப் போகிறார்கள் என்று பொருள். கடத்தல், தாண்டுதல், மீறுதல் மூன்றும் கால் எடுத்து அந்தப் பக்கம் வைப்பதுதான். மூன்றாவதில் மட்டும் ஒரு கட்டளை இருக்கிறது, அதை மதிக்காத ஒருவர் இருக்கிறார். விதியை மீறலாம், சொல்லை மீறலாம், வாக்கை மீறலாம். மீறுவது என்று வந்துவிட்டால் பெரும்பாலும் வம்புதான். ‘தாண்டு’ கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் ‘படி தாண்டாதே’ என்று கேட்டு வளர்ந்த பெண்களுக்கு அதிலும் ஒரு முள் குத்தும்.

நான் செய்த தவறு

வியாழன் மாலை தாள் என் கைக்கு வந்தது. வெள்ளி மாலைக்குள் திருப்பித் தர வேண்டும். கையேட்டின் எட்டுப் பக்கமும் அதிலேயே இருந்தன. முழக்கவரியைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஓரத்தில் குறிப்பு எழுதினேன்: “இந்தச் சொற்சேர்க்கைக்கு எதிர்மறைத் தொனி உண்டு, மாற்றுவது நல்லது.” கூடவே மூன்று மாற்று வரிகளும் கொடுத்தேன். பிறகு கையேட்டுக்குள் இறங்கிவிட்டேன். அதில் ஒற்றுப்பிழைகள் நிறைய.

‘மாற்றுவது நல்லது’ என்ற அந்தத் தொடரை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தமிழ் தெரியாத ஒருவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? அழகு சார்ந்த ஆலோசனையாகத்தான். விளம்பர நிறுவனத்தில் இந்த வேலையைப் பார்த்துக்கொண்டவர் பின்னால் சொன்னார்: “உங்கள் தாளில் எழுபது குறிப்பு இருந்தது. எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தது.” புள்ளி விடுபட்ட மெய்யெழுத்தும், பல்கலைக்கழகத்தின் மானத்தை வாங்கப்போகும் வரியும் அவர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்திருக்கின்றன. “இதை அச்சிடாதீர்கள். பெற்றோர் இதைப் பிள்ளையைத் திட்டும் சொல்லாகப் படிப்பார்கள்” என்று நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. மொழிபெயர்த்தவர் மனம் நோகக்கூடாது என்ற தயக்கமும் அதில் இருந்தது. முகம் தெரியாதவரிடம் காட்டிய அந்த மரியாதைக்கு யாருக்கும் பயன் இல்லை.

அச்சில் நடந்தது

இரண்டாவது கோளாறு வடிவமைப்பில். தாளில் இருந்த தமிழை வடிவமைப்பாளர் இன்டிசைனில் ஒட்டியிருக்கிறார். அந்த மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளைக் கோக்க ‘வேர்ல்ட் ரெடி’ என்ற தனி ஏற்பாடு உண்டு. அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்துகளைச் சேமிப்பில் இருக்கும் வரிசையிலேயே அது அடுக்கும். ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘லை’ என்பது முதலில் லகரம், பிறகு ஐகாரக் கொம்பு என்று சேமிக்கப்படுகிறது. கொம்பைத் தூக்கி இடப்பக்கம் வைப்பது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. அந்த வேலை நடக்கவில்லையென்றால் கொம்பு பின்னாலேயே நிற்கும். ‘எல்லை’யில் இரண்டாவது லகரத்துக்குப் பின்னால் கொம்பு தொங்கியது. ‘வோ’வில் வகரத்தின் இரு பக்கமும் நிற்கவேண்டிய கொம்பும் காலும் அதற்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு நின்றன.

அதோடு, புதிய தோற்றத்தின் விதிப்புத்தகம் முழக்கவரியின் எழுத்துகளுக்கிடையே தாராளமான இடைவெளி வேண்டும் என்றது. ஆங்கிலத்துக்கு அது அழகு. அதே அளவைத் தமிழுக்கும் போட்டதில் எழுத்தும் குறியும் ஆளுக்கொரு மூலையில் நின்றன. தமிழ் தெரிந்தவர் பத்தடி தூரத்தில் இருந்து பார்த்தால் ஏதோ தமிழ் மாதிரி இருக்கிறதே என்று தோன்றும், அவ்வளவுதான்.

சிங்கப்பூரில் பொது அறிவிப்புகளில் தமிழ் உடைந்து வருவது புதிதல்ல. ஒவ்வொரு முறையும் படம் எடுத்து அனுப்பி, கோபப்பட்டு, சிரித்து, மறந்துவிடுகிறோம். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், தமிழைக் கணினிக்குக் கொண்டுவருவது பற்றிய தமிழ்நெட் 97 மாநாடு நடந்ததே இந்த ஊரில்தான், 1997 இல். சிங்கப்பூரர் நா. கோவிந்தசாமி அதில் முன்னின்றவர். இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு பொத்தானைத் தட்டாததால் லகரத்தின் கொம்பு இடம் மாறிவிடுகிறது.

எனக்கும் சரிபார்க்க ஒரு படி வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். பதாகையின் படம் வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் அளவில் வந்தது. விரைவு ரயிலில் நின்றுகொண்டு பார்த்தேன். வரி மாறவில்லை என்பது மட்டும் கண்ணில் பட்டது. ‘முழக்கவரி குறித்த என் குறிப்பைப் பாருங்கள்’ என்று பதில் போட்டேன். கொம்பை நான் கவனிக்கவில்லை. அதற்குள் அச்சகத்துக்குப் போய்விட்டது என்ற தகவலும் எனக்கு வரவில்லை.

சமூக மன்றத்தில் ஒரு சனிக்கிழமை

முதல் பெற்றோர் சந்திப்பு ஒரு சமூக மன்றத்தின் மேல்மாடி அறையில். மேடைக்குப் பின்னால் பதாகை. பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கும் தமிழ் மாணவர் ஒருவர் தமிழில் விளக்கம் சொல்ல வந்திருந்தார். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

மாணவர் நன்றாகவே பேசினார். புதிய சின்னத்தின் வளைவு எதைக் குறிக்கிறது, நீலம் ஏன் ஊதாவாக மாறியது என்றெல்லாம் கொடுத்த தாளை ஒட்டிச் சொல்லிக்கொண்டே போனார். கேள்வி நேரம் வந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா பதாகையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்து, எழுத்துக்கூட்டி வாசித்தார். பிறகு, “தம்பி, பிள்ளைங்க எல்லை மீறாம இருக்கணும்னுதானே நாங்க படிக்க அனுப்புறோம்?” என்றார்.

அறையே சிரித்தது. மாணவரும் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற மேலாளருக்கு மட்டும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. யாரோ ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் முகம் மாறியதைப் பார்த்தேன்.

அந்தச் சிரிப்புதான் வாட்ஸ்அப்பில் போனது. ஆனால் அதற்குப் பிறகு வந்த கேள்விகள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. சிரித்ததில் கூச்சம் விட்டுப்போய் மக்கள் மனம் திறந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒருவருடைய மகன் அங்கே இரண்டாம் ஆண்டு. “சேர்ந்தப்ப ஒரு சின்னம், முடிக்கிறப்ப இன்னொரு சின்னம். சான்றிதழ்ல எது இருக்கும்? வேலைக்குப் போற இடத்துல இது வேற பல்கலைக்கழகமோன்னு நினைக்க மாட்டாங்களா?” என்றார். வெளியில் இருந்து பார்த்தால் அற்பக் கவலை. ஆனால் இந்த ஊரில் பெயர்கள் மாறுவதைப் பார்த்தவர்கள் இவர்கள். 1980 இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகமும் நன்யாங் பல்கலைக்கழகமும் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் ஆயின. நன்யாங் தொழில்நுட்பக் கழகம் 1991 இல் பல்கலைக்கழகம் ஆனது. யூனிசிம் 2017 இல் சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகம் என்று மாறியது. சின்னம் மாறினால் அடுத்துப் பெயரும் மாறுமோ என்று கேட்பது அனுபவத்தில் வருவது.

இன்னொருவர் தனக்காகவே வந்திருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர். திறன் வளர்க்க அரசு தரும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையில் 2024 இல் கூடுதலாகக் கிடைத்த 4,000 வெள்ளியை இங்கே பயன்படுத்தலாமா என்று கேட்டார். அது தெரிவுசெய்யப்பட்ட படிப்புகளுக்கு மட்டும்தான் என்பது மாணவருக்குத் தெரிந்திருந்தது. எந்தப் படிப்புகள் என்று தெரியவில்லை. அப்புறம் மசேநி, அதாவது சம்பளத்தில் இருந்து சேரும் மத்திய சேம நிதி. அப்பா கணக்கில் இருந்து கட்டணம் கட்டலாமா, திருப்பிக் கட்டுவது யார்? எடுக்கும் பணத்தைப் பிள்ளைதான் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்து வட்டியோடு அந்தக் கணக்குக்கே திருப்பிப் போடத் தொடங்க வேண்டும். இதைச் சொன்னவர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர் இல்லை, பின்வரிசையில் இருந்த இன்னொரு அப்பா.

கையேட்டில் இவை எதுவும் இல்லை. சின்னத்தின் கதை இரண்டு பக்கம், மற்றவை படங்கள். ஒரு படத்தில் சேலை கட்டிய மாணவி தீபாவளிக்கு அகல் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். அதே அம்மா அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, “இந்தப் பொண்ணு என்ன படிக்குது?” என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. தன் மகளுக்கு என்ன படிப்பு சரிவரும் என்று அறியவந்த ஒரு தாய்க்கு, படத்தில் இருக்கும் பெண்ணிடம் கேட்க வேறென்ன இருக்கிறது?

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

திங்கள் காலை கூட்டம். மூன்று யோசனைகள் வந்தன. பதாகையில் தமிழ் வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி மறைப்பது ஒன்று. தமிழையே விட்டுவிடுவது இன்னொன்று. “தப்பாக வருவதைவிட இல்லாமல் இருப்பது மேல்” என்றார் ஒருவர். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத் திரும்பச் செய்வது மூன்றாவது.

வெளிநாட்டு நிகழ்வுகளும் பேச்சில் வந்தன. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 2012 இல் அறிமுகப்படுத்திய புதிய சின்னத்தை, 50,000 பேருக்கு மேல் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டதும் அதே ஆண்டு டிசம்பரில் கைவிட்டது. லண்டன் கிங்ஸ் கல்லூரி தன் பெயரில் இருந்து ‘கல்லூரி’யை எடுக்கும் திட்டத்தை 2015 ஜனவரியில் கைவிட்டது. அந்த இரண்டிலும் பிடிக்கவில்லை என்று சொன்னவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தமிழ்ப் பதாகைக்கு யார் மனு போடுவார்கள்? சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பல்கலைக்கழகத்துக்கு அது தெரியவும் வராது. மேலாளர் இதைச் சொன்னபோதுதான் தமிழை விட்டுவிடலாம் என்ற பேச்சு அடங்கியது.

முடிவு இது. பதாகை அன்றே இறக்கப்பட்டது. அடுத்த வாரத்துக்குப் பதிவான நாளிதழ் விளம்பரம் நிறுத்தப்பட்டது. தமிழில் முழக்கவரியே வேண்டாம், ஆங்கிலச் சின்னத்துக்குக் கீழே ‘படிப்பு, கட்டணம், வேலை: வந்து கேளுங்கள்’ என்று மட்டும் போடலாம் என்றார் மேலாளர். எனக்கு அப்போது இதில் உடன்பாடு இல்லை. மற்ற மூன்று மொழிக்கும் முழக்கம், தமிழுக்கு மட்டும் அறிவிப்பா என்று வாதாடினேன். ‘எல்லை கடந்து’ என்ற என் வரி தயாராக இருந்தது. “நல்ல வரிதான். ஆனால் அந்த அறையில் யாராவது முழக்கம் கேட்டார்களா?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது யோசித்தால் அவர் சொன்னது சரி. என் வரிமேல் எனக்கு இருந்த ஆசைதான் அப்படிப் பேச வைத்தது.

எட்டுப் பக்கக் கையேட்டுக்குப் பதில் ஒரே தாள், இரண்டு பக்கம். சனிக்கிழமை கேட்ட கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே, பதில்கள் சேர்க்கைப் பிரிவும் நிதிப் பிரிவும் பார்த்து உறுதிசெய்தவை. வடிவமைப்பில் தமிழுக்குத் தனி எழுத்துரு, எழுத்துகளுக்கிடையே கூடுதல் இடைவெளி கிடையாது, வரிகளுக்கிடையே மட்டும் கொஞ்சம் அதிகம். இறுதிப்படி திரையில் இல்லாமல், அச்சகத்தில் இருந்து தாளாகவே வரவேண்டும். அதை ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும்.

வாசித்தவர் அந்த மாணவரின் பாட்டி. சமையலறை மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். நான் எதிரே உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். ‘நெகிழ்வான பகுதிநேரக் கற்றல் வழிமுறைகள்’ என்ற இடத்தில் நின்றுவிட்டார். “இது என்னப்பா?” என்று பேரனைக் கேட்டார். “வேலை பார்த்துக்கிட்டே படிக்கலாம், பாட்டி.” “அதையே போட வேண்டியதுதானே?” அப்படியே போட்டோம்.

பின்னர் நடந்தது

உடைந்த பதாகையின் படம் சில நாள் சுற்றியது. பல்கலைக்கழகம் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரியில் தவறை ஒப்புக்கொண்டது, காரணம் சொல்லவில்லை. அதோடு அடங்கியது.

மறு அச்சுச் செலவை விளம்பர நிறுவனம் ஏற்றது. ஆனால் மொழிபெயர்ப்பு முகமைக்கான தொகையை நிறுத்திவைத்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. படமோ பின்னணியோ இல்லாமல் ஒரு கட்டத்தில் இரண்டு சொல்லைக் கொடுத்து, இத்தனை எழுத்துக்குள் என்று கேட்டால் அதுதான் வரும். நான் எழுதிச் சொன்ன பிறகு பணம் போனது, தாமதமாக.

இரண்டாவது சந்திப்பு வேறொரு சமூக மன்றத்தில். அன்று மழை, முதல் சந்திப்பைவிடக் குறைவாகத்தான் வந்தார்கள். ஆனால் அறையை மூடவேண்டும் என்று ஊழியர் வந்து நிற்கும்வரை யாரும் கிளம்பவில்லை. சேர்க்கைப் பிரிவில் இருந்து ஒருவரும் நிதிப் பிரிவில் இருந்து ஒருவரும் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாணவர் மொழிபெயர்த்தார். சின்னத்தைப் பற்றி அன்று யாரும் வாய் திறக்கவில்லை.

இதனால் விண்ணப்பங்கள் கூடினவா என்று கேட்டால் சொல்ல வழியில்லை. பல்கலைக்கழகம் விண்ணப்பதாரர்களின் வீட்டுமொழியைக் கணக்கெடுப்பதில்லை. வாசலில் அடுக்கிய தாள்கள் தீர்ந்துபோயின, சிலர் அண்டை வீட்டுக்கும் சேர்த்து எடுத்துப்போனார்கள். நான் நேரில் பார்த்தது அவ்வளவுதான்.

மறுமுறை என்றால்

என் பங்கில் முதல் மாற்றம் குறிப்பு எழுதும் முறை. அச்சிடவே கூடாதவை சிவப்பில், தாளின் தலையில், எண்ணிக்கையோடு. மற்றவை கீழே. அதை அனுப்பிவிட்டுத் தொலைபேசியிலும் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் அளவுப் படத்தைப் பார்த்துச் சரி என்று சொல்வதில்லை.

பல்கலைக்கழகத்துக்கு நான் எழுதிக் கொடுத்த ஆலோசனையில் முக்கியமானது, தமிழ் வாசிக்கும் ஒருவர் முதல் கூட்டத்திலேயே இருக்கவேண்டும் என்பது. வெளியில் தேட வேண்டியதில்லை. அந்த வளாகத்தில் தமிழ் மாணவர்கள் இருக்கிறார்கள், ஊழியர்கள் இருக்கிறார்கள். கேட்டால் வருவார்கள், ஆனால் அதற்குக் கூலியும் கொடுக்க வேண்டும். முதல் சந்திப்பில் மேடையேறிய மாணவர் அந்த வேலையை இலவசமாகத்தான் செய்தார். சிரிப்பையும் அவரே வாங்கிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு சேர்க்கைப் பருவத்துக்கான எக்செல் தாள் சென்ற மாதம் வந்தது. தமிழ்ப் பத்தி இன்னும் கடைசியில்தான் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் புதிதாக இன்னொரு பத்தி சேர்ந்திருக்கிறது. தலைப்பு: ‘சத்தமாக வாசித்தவர்’. முதல் கட்டத்தில் அந்த மாணவரின் பாட்டி பெயரை ஏற்கெனவே நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள்.